ஜவ்பர் நானாவின் நீண்ட ‘வா’

1. பாட்டுக்குள் வந்த லொறி

மேடையில் வாசித்துக்கொண்டே சாம்பிள் எடிட் செய்வதை நான் விரும்பிப் பழகவில்லை. பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், பகல் விருந்தில், என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகினேன்.

அதற்கு முன்னர் பன்னிரண்டு வருஷம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓகன் வாசித்தவள் நான். இசைக்குழுவில் சேர்ந்தபோது வேர்க்ஸ்டேஷன் கீபோர்ட் ஒன்றைக் கையில் தந்தார்கள். அதில் ஓகன், வயலின், டிரம் எல்லாம் உண்டு. அதற்கு மேல், வெளியில் இருக்கும் எந்தச் சத்தத்தையும் மைக்கால் பிடித்து உள்ளே போட்டு, ஒரு கீயை அமர்த்தினால் அந்தச் சத்தம் வரும்படி வைக்கலாம். அப்படிப் பிடித்த சத்தத்துக்குத்தான் சாம்பிள் என்று பெயர். அது எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதை டயலைத் திருப்பி நாமே வைக்க வேண்டும். ஸ்டார்ட், என்ட் என்று ஸ்கிரீனில் இரண்டு கோடுகள் நிற்கும். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

பாலாவிக் கல்யாணத்துக்கு ஒரு கைதட்டல் தேவைப்பட்டது. கீபோர்ட்டில் இருந்த கைதட்டல் ஈரச் சீலையை அடிப்பதுபோல இருந்தது. எங்கள் டிரம்மர் லால் சிலாபப் பக்கத்துச் சிங்களவர். அவருடைய உள்ளங்கை மரப்பலகை மாதிரி. மண்டபத்துக்குள் கதிரை இழுக்கும் சத்தம் தாங்க முடியாததால் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கைதட்டச் சொல்லிப் பிடித்தேன். அவசரத்தில் ஹெட்போனில் கேட்டுப் பார்க்கவில்லை. நாலாவது தட்டுக்கு அந்தச் சாம்பிளைப் போட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

ஒவ்வொரு நாலாவது தட்டுக்கும் கைதட்டலோடு சேர்ந்து “பாங்” என்று ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

“அக்கே, பாட்டுக்குள்ள லொறி வாறது,” என்றார் லால்.

வந்திருந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வாகனம் வழியை மறித்து நிற்கிறதோ என்று எழும்பிப் போய் வெளியே பார்த்தார்கள். பெண்ணின் வாப்பா ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டி யாரையோ விலகச் சொன்னார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

பாடிக்கொண்டிருந்தவர் ஜவ்பர் நானா. நானா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன். பகலில் உப்பு லொறி ஓட்டுவார், மற்ற நேரம் எங்கள் குழுவின் பாடகர். அன்றுதான் அவரோடு எனக்கு முதல் மேடை. வரிக்கும் வரிக்கும் இடையில் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“தங்கச்சி, அது நம்மட முதலாளிட லொறி. ஹோர்னை வச்சே சொல்லுவன். நீங்க ஆறுதலாப் பாருங்க, நான் பல்லவியைச் சுத்திக்கொண்டு நிக்கிறன்.”

ஏழு தரம் பல்லவியைச் சுற்றினார். ஒவ்வொரு தரமும் வேறு சங்கதி போட்டார். கேட்டவர்கள் அதைப் பெரிய வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அதற்குள் நான் இடது கையால் மூன்று நாலு கீயைச் சேர்த்து அமர்த்திக் கோர்ட் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாம்பிள் பக்கத்தைத் திறந்து, என்ட் கோட்டை முன்னுக்கு இழுத்தேன். ஏழாவது சுற்றில் லொறி போய்விட்டது. கைதட்டலிலும் முக்கால்வாசி போய் “டிக்” என்று மட்டும்தான் மிஞ்சியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அது எனக்குப் பழகிப்போயிற்று. இப்போது கீபோர்ட் வாங்கும் பிள்ளைகள் வீட்டில் கொம்பியூட்டரில் எல்லாவற்றையும் செய்து, பென்ட்ரைவில் போட்டு, மேடையில் ஒரு பட்டனை அமர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மின்சாரக் கட்டணம் கட்டப் போனவர் வரிசையில் நிற்பதுபோல மேடையில் நிற்கலாமா? ஒரு கையாலாவது வேலை செய்யுங்கள்.

2. சுழியோடிகளின் சட்டம்

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்களில் ஒன்று ஜவ்பர் நானாவுடையது. தில்லையடியில் குடியிருந்தார்கள். லொறியில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, இன்ஜின் சத்தத்துக்கு மேலால் பாடிப் பாடியே தொண்டையைப் பெருப்பித்தவர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆடத் தோதான துள்ளல் மெட்டில் தானாக ஒரு பைலாப் பாட்டும் கட்டினார். கடலுக்குப் போனவனைக் கரையில் நிற்கிறவர்கள் கூப்பிடுகிற பாட்டு. கடைசி வரி இப்படி:

“சோறும் ஆறுது, சொந்தமும் தேடுது, வள்ளத்தைத் திருப்பி வா.”

அந்த ‘வா’வை அவர் விடமாட்டார். இழுத்துக்கொண்டே நிற்பார். கற்பிட்டிப் பக்கத்தில் இதை ‘வா பாட்டு’ என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் கரைக் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் நிகழ்ச்சி. ஆறு மணிக்கு வேஸ்பர் என்கிற மாலைச் செபம் என்பதால் ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிஷமும் ஃபாதர் தரமாட்டார். மேடைக்கு முன்னால் மணலில் முதல் வரிசை சுழியோடிகளுக்கு. சங்கும் கடலட்டையும் குளிக்கிற, அதாவது மூழ்கி எடுக்கிற, ஆட்கள், முப்பது பேர் வரை வருவார்கள். அவர்களுக்கு மூச்சுத்தான் பெருமை. யார் எவ்வளவு நேரம் கீழே நின்றான் என்பதைத் தவிர வேறு கதை அவர்களுக்குள் இல்லை. அவர்களுக்குப் பெரியவர் சவிரி அண்ணன். அறுபது தாண்டியவர். முதுகில் காற்றுத் தாங்கி கட்டாமல் மூச்சுப் பிடித்தே குளித்துப் பழகிய மனிதர்.

எந்த வருஷத்தில் தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை, ஆனால் அந்த ‘வா’ ஜவ்பர் நானாவுக்கும் சுழியோடிகளுக்கும் போட்டியாகிவிட்டது. அதற்குச் சட்டம் உண்டு. அந்த ‘வா’வுக்கு முன்னால் நானா இடது கையை உயர்த்தி, மைக்குக்கு நேரே மூச்சை இழுப்பார். “ஸ்ஸ்” என்று அது ஸ்பீக்கரில் கேட்கும். அதைக் கேட்டதும் முப்பது பேரும் மூச்சை இழுத்து, அவரோடு சேர்ந்து ‘வா’வைப் பிடிப்பார்கள். மூச்சு முடிந்தவன் மணலில் குந்த வேண்டும். நானா கடைசிவரை நின்றால் விசிலும் கைதட்டலும். ஒரு சுழியோடி அவரையும் தாண்டி நின்றால், அவன் மேடைக்கு ஏறி அடுத்த பாட்டைப் பாடலாம்.

இந்தக் கடைசிச் சட்டம்தான் கொடுமை. சவிரி அண்ணன் இரண்டு தரம் வென்றிருக்கிறார். அவர் பாடினால் நாய்கூட எழும்பிப் போகும். அதற்காகவாவது நானா வெல்ல வேண்டும் என்று ஊரே நேர்ந்துகொள்ளும்.

3. நூரியா ராத்தா வந்த நாள்

நான் சொல்லப்போகிற திருவிழாவுக்கு ஐந்து மாதம் முன்னர் ஜவ்பர் நானாவின் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி வந்து, அதை வெட்டி எடுத்தார்கள். மூன்று மாதம் பேச்சே இல்லை. சைகையாலேயே லொறியும் ஓட்டி, வீட்டில் சண்டையும் பிடித்தார் என்று அவருடைய மனைவி நூரியா ராத்தா சொல்வார். பிறகு பாடத் தொடங்கினார். எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டை இறக்கிக்கொண்டோம். குரல் கொஞ்சம் தடித்திருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது நூரியா ராத்தா கற்பிட்டி பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைத் தொடவுமில்லை.

“தங்கச்சி, டொக்டர் சொன்னத அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். பாடலாம், ஆனா கத்தப்படாது, நீட்டி இழுக்கப்படாது. திரும்பக் கிழிஞ்சா ஒண்டும் செய்யேலாதாம். கதைக்கிற குரலும் போயிருமாம்.”

“அப்ப அந்தப் பாட்டை விடுவம் ராத்தா.”

“விடச் சொல்லிப் பாருங்களேன். நான் சொல்லி அலுத்துப்போனன். அந்த மெஷின்ல அவர்ட குரலைப் பிடிச்சு வச்சு ஏதாவது செய்யேலாதா?”

அடுத்த நாள் ஜவ்பர் நானாவிடம் கேட்டேன். பாட்டை விடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. முதலில் சிரித்துச் சமாளித்தார். நான் விடாமல் முறைத்துக்கொண்டிருந்ததால் கடைசியில் சொன்னார்.

“இந்தப் பக்கம் வந்த நேரம் எனக்கு ஒரு சாமானும் இல்ல தங்கச்சி. அகதி எண்டுதான் பேர். இந்தக் கரையில என்னை ஆர் எண்டு சனத்துக்குத் தெரிய வச்சது அந்த ஒரு எழுத்துத்தான். அது போயிற்றெண்டு சவிரிக்கு முன்னால போய் நான் எப்பிடிச் சொல்ற?”

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. முப்பது வருஷப் பாட்டுக்காரர், ஒரு எழுத்துக்காகத் தன் பேச்சையே பணயம் வைக்கத் தயாராக நிற்கிறார். அப்போதுதான் நான் நூரியா ராத்தா சொன்ன வழியைச் சொன்னேன். போன வருஷத் திருவிழாவின் ரெக்கோர்டிங் மிக்ஸரில் இருந்து நேரே எடுத்தபடி என்னிடம் இருந்தது. அதிலிருந்து ‘வா’வைச் சாம்பிளாக எடுத்து நான் வாசிப்பேன். அவர் வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும்.

“களவுதானே தங்கச்சி.”

“உங்கட சாமானை நீங்களே எடுக்கிறது களவா நானா?”

“சவிரிக்குத் தெரியப்படாது,” என்றார்.

4. நான் வெட்டியது

இரண்டு நாள் அந்த ஒரு எழுத்தோடு குடித்தனம் நடத்தினேன். முதலில் பயந்தது சுருதிக்கு. போன வருஷம் அவர் பாடியது இரண்டு கட்டை மேலே. சாம்பிளை இரண்டு கட்டை கீழே இறக்கினால் அது மெதுவாகவும் தடிப்பாகவும் வரும். எனது கீபோர்ட்டில் அப்படித்தான். டேப்பை மெதுவாக ஓட விட்டது போல. கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டு கீயை அமர்த்தினேன். வந்தது அசலாக இந்த வருஷத்து ஜவ்பர் நானாவின் குரல். தொண்டை வெட்டிய பிறகு அவர் குரலில் வந்திருந்த பாரம்கூட இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு லூப். ‘வா’வின் நடுவில் ஒரு துண்டைக் குறித்துவிட்டால் கீயை அமர்த்தியிருக்கும்வரை அந்தத் துண்டு திரும்பத் திரும்ப ஓடும். எந்தச் சுழியோடி எவ்வளவு நேரம் நிற்பான் என்று முன்கூட்டித் தெரியாதல்லவா? கடைசி ஆள் குந்தும்வரை கீயை விடாமல் பிடிப்பது, அவன் குந்திய பிறகு இரண்டு செக்கன் கூட்டிப் பிடித்து விடுவது. இதுதான் என் திட்டம். ஒட்டுத் தெரியாமல் லூப் போட அரை நாள் போயிற்று.

கடைசியாகச் சுத்தம் செய்தேன். ‘வா’வுக்கு முன்னால் “ஸ்ஸ்” என்று இரைச்சல் இருந்தது. ஸ்டார்ட் கோட்டை அதற்குப் பின்னால் தள்ளினேன். ‘வா’வின் முடிவில் குரல் கரகரத்துத் தேய்ந்து, பிறகு அவர் சிரிக்கிற சத்தமும் இருந்தது. லூப் ஓடும்போது அது தேவையில்லை என்று என்ட் கோட்டை லூப்பின் முடிவுக்கே இழுத்தேன். அந்த இரண்டு துண்டையும் மெமரியிலிருந்து ஒரேயடியாக அழிக்கவும் ஒரு கட்டளை உண்டு. அதை நான் கொடுக்கவில்லை. பாலாவியில் கைதட்டலை இழந்ததிலிருந்து எனக்கு வந்த கஞ்சத்தனம் அது.

ஜவ்பர் நானாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நல்லாத்தான் பாடுறான்,” என்று யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

5. நிற்காத மூச்சு

திருவிழாவன்று ஐந்து இருபதுக்கு அந்தப் பாட்டுக்கு வந்தோம். முதல் வரிசையில் சுழியோடிகள் எழும்பி நின்றார்கள். சவிரி அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். நூரியா ராத்தா மேடைக்கு ஓரமாக, பெண்கள் பக்கத்தில், துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

கடைசி வரியும் ‘வா’வரை வந்தது. ஜவ்பர் நானா இடது கையை உயர்த்தினார். அவருடைய உண்மையான குரல் கலந்துவிடக் கூடாது என்று நான் மிக்ஸரில் அவருடைய மைக்கை இறக்கிவிட்டு, கீயை அமர்த்தினேன். ‘வா’ முழுக் கனத்தோடு ஸ்பீக்கரில் வந்தது.

அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சுழியோடிகள் காத்திருந்தது “ஸ்ஸ்” என்ற சத்தத்துக்கு. மைக்கில் வந்திருக்க வேண்டியதை நான் இறக்கிவிட்டேன். சாம்பிளில் இருந்ததை இரைச்சல் என்று வெட்டிவிட்டேன். முப்பது பேரும் வெறும் நெஞ்சோடு அகப்பட்டுக்கொண்டார்கள். அரை மூச்சில் தொடங்கி, பத்துச் செக்கனுக்குள் பொத்துப் பொத்தென்று மணலில் குந்தினார்கள். சனம் சிரித்தது. நின்றது சவிரி அண்ணன் மட்டும். நானாவின் கையைப் பார்த்து மூச்செடுத்த மனிதர் அவர்.

வழமையாக முப்பது செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அன்று முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது. சவிரி அண்ணன் குந்துவதாக இல்லை. சத்தத்தை ஒரு நூல் அளவுக்கு மெலிதாக்கிக்கொண்டு நின்றார். ஜவ்பர் நானாவின் வாய் திறந்தபடி. மெஷினுக்கு மூச்சு முட்டாது. விசில் அடித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சவிரி அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் எங்கும் பார்க்கவில்லை. ஜவ்பர் நானாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் எழும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அக்கே, நிப்பாட்டு. ஆள் விழுறது,” என்றார் லால்.

என் திட்டம் கடைசி ஆள் குந்தும்வரை பிடிப்பது. இந்த மனிதர் குந்தமாட்டார், மயங்கித்தான் விழுவார். அது தெரிந்த பிறகும் என் விரல் கீயில் இருந்தது. எடுத்தால் ‘வா’ கத்தியால் வெட்டினதுபோல நிற்கும்; எந்தக் குழந்தைக்கும் அது மெஷின் என்று தெரிந்துவிடும். ஜவ்பர் நானா திரும்பி என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது, கண் மட்டும் கெஞ்சியது. அவர் வெல்லக் கெஞ்சவில்லை. அந்த மனிதரைக் காப்பாற்று என்றுதான் கெஞ்சினார்.

இடது கைச் சின்ன விரலில் ‘வா’, மற்ற விரல்களில் கோர்ட். வலது கையால் சாம்பிள் பக்கத்தைத் திறந்தேன். இதில் ஒழுங்கு முக்கியம். லூப்பை முதலில் நிறுத்தினால், என்ட் கோடு அங்கேயே நிற்பதால் சத்தம் உடனே அறுந்துவிடும். ஆகவே முதலில் என்ட் கோட்டைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். அழிக்காமல் விட்டிருந்த அந்த முடிவுத் துண்டு அங்கே இருந்தது. டயலைத் திருப்பினேன். குரல் தேய்கிற இடம் தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்சம் போனால் சிரிப்பு வந்துவிடும். கண்ணால் அளந்து ஒரு இடத்தில் நிறுத்தினேன். பிறகு லூப்பை ஓஃப் செய்தேன்.

‘வா’ லூப்பைத் தாண்டி ஓடியது. போன வருஷம் ஜவ்பர் நானாவுக்கு மூச்சு முடிந்த அதே இடத்தில் அது கரகரத்து, மெலிந்து, தானாக அடங்கியது. ஜவ்பர் நானா வாயை மூடினார். சவிரி அண்ணன் அதற்குப் பிறகும் ஒரு செக்கன் பிடித்துவிட்டுத்தான் மணலில் குந்தினார்.

சனம் கத்தியது. சவிரி அண்ணன் வென்றுவிட்டார்.

6. சவிரி அண்ணன் சொல்லாதது

அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு பேர் பிடிக்க வந்ததைத் தட்டிவிட்டுத் தானாக மேடைக்கு ஏறினார். மைக்குக்குப் போகவில்லை. என் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஜவ்பர் நானாவிடம் வந்தார். அவர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் கேட்டது.

“நானா, உங்கட நெஞ்சு அசையேல்ல.”

ஜவ்பர் நானா தலையைக் குனிந்தார்.

“தண்ணிக்குள்ள நெஞ்சு அசையாத ஆளக் கண்டா முடியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவம். அதான் விடாமப் பாத்துக்கொண்டு நிண்டன். தொண்டைக்கு என்ன?”

“வெட்டினது, சவிரி. இழுக்கப்படாதாம்.”

“சரி,” என்றார் சவிரி அண்ணன். அவ்வளவுதான். மைக்கை எடுத்துக்கொண்டு சட்டப்படி தன் பாட்டைப் பாடத் தொடங்கினார். நான் எந்தச் சுருதியில் கோர்ட் பிடித்தாலும் அவர் அதற்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் பாடி முடித்துவிட்டு இறங்கி, தன் இடத்தில் போய் நின்றார்.

அவர் சொல்லிக் காட்டியிருந்தால் ஜவ்பர் நானா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவர் சொல்லாமல் போனதுதான் இவரால் தாங்க முடியவில்லை. மைக்கை எடுத்தார். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“இப்ப நீங்க கேட்டது என்ட குரல்தான். ஆனா அது போன வருஷத்துக் குரல், மெஷின்ல இருந்து வந்தது. இந்த வருஷம் அந்த ‘வா’ என்னட்ட இல்ல. தொண்டையை வெட்டியாச்சு. சொல்ல வெக்கமா இருந்திச்சு. அதுக்காக ஒரு மனிசன்ட உயிரோட விளையாடிட்டன். சவிரி, மன்னிச்சுக்கொள்ளுங்க. மத்த ஆக்களும் மன்னிச்சுக்கொள்ளுங்க.”

குற்றவாளி நான் என்று எழும்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லவில்லை. நூரியா ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சவிரி அண்ணன் மணலில் நின்றபடியே, மைக் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“அதுக்கென்ன நானா. பாட்டு உங்கட. மூச்சு எங்களிட்டக் கிடக்கு. கடைசி வரியத் திரும்பப் பாடுங்க, ‘வா’வ எங்களிட்ட விடுங்க.”

லால் என்னைக் கேட்காமலே தட்டத் தொடங்கினார். நான் கோர்ட் பிடித்தேன். ஜவ்பர் நானா “வள்ளத்தைத் திருப்பி” வரை பாடி, இடது கையை உயர்த்தி, மைக்குக்கு நேரே மூச்சை இழுத்தார். முப்பது நெஞ்சும் அவரோடு நிரம்பியது. ‘வா’ மணலில் இருந்து எழும்பி வந்தது. பின்னால் நின்ற ஆண்கள், பெண்கள் பக்கம், கச்சான் கடலை விற்கிறவர், எல்லாரும் அதைப் பிடித்தார்கள். ஜவ்பர் நானா கையை இறக்காமல் நின்றார். நான் அழுதேன். கீபோர்ட் வாசிக்கிறவள் அழுதால் மூக்கைத் துடைக்க ஒரு கையும் மிஞ்சாது என்பதையும் அன்றுதான் கண்டேன். ஃபாதர் வேஸ்பரைப் பத்து நிமிஷம் பிந்தித் தொடங்கினார். காரணம் ஒன்றும் கேட்கவில்லை.

7. இளம் கீபோர்ட்காரர்களுக்கு

சாம்பிளில் மூச்சை வெட்டாதீர்கள். ஸ்கிரீனில் பார்க்க அது அழுக்கு மாதிரி இருக்கும். நீங்கள் வெட்டுகிற இடத்தில்தான் கேட்கிறவர் நுழைகிற வாசல் இருக்கலாம். வெட்டினாலும் அழித்துவிடாதீர்கள்; திரும்பத் தேவைப்படும். லூப்பை நிறுத்துவதற்கு முதல் என்ட் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் இருக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். எனக்குச் சாம்பிள் தெரிந்த அளவுக்கு மேலால் அந்த முதல் வரிசைக்கு மூச்சுத் தெரியும் என்பதை நான் நினைக்கவே இல்லை.

இப்போதும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்தப் பாட்டு உண்டு. ஜவ்பர் நானா கடைசி எழுத்துவரை பாடிவிட்டுக் கையை உயர்த்துவார், மிச்சம் சுழியோடிகளுடையது. போட்டி இப்போது அவர்களுக்குள், தீர்ப்பு நானாவுடையது. அவருடைய தொண்டை நன்றாக இருக்கிறது. நூரியா ராத்தாவுக்கு அது போதும். அந்தச் சாம்பிளை அழிக்கவா என்று நானாவிடம் கேட்டேன். “உங்கட விருப்பம் தங்கச்சி, எனக்கு அவனோட கோவம் ஒண்டுமில்ல,” என்றார்.

ஆனால் எனக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்திருக்கிறது. முப்பது சுழியோடிகள் சேர்ந்து ஒரு சுருதியைப் பிடித்தால், மூச்சுக் குறையக் குறைய எல்லாரும் ஒன்றாகக் கீழே இறங்குவார்கள். என் கோர்ட் மேலேயே நிற்கும். கேட்கக் காது கூசும். முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வருஷத்திலிருந்து, இடது கையால் வாசித்துக்கொண்டே, வலது கையால் கீபோர்ட் முழுவதன் சுருதியையும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களோடு இறக்கிக்கொண்டு போகிறேன். அவர்கள் போகிற இடத்துக்கு மெஷின் போகிறது. கேட்கிறவர்களுக்கு அவர்கள் ஒரு நூல் பிசகாமல் பாடுவதுபோல இருக்கும். சவிரி அண்ணன் அதை வைத்து, தங்களுக்குச் சங்கீதமும் வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

ஜவ்பர் நானாவுக்கு மட்டும் காது பொய் சொல்லாது. போன திருவிழாவில் பாட்டு முடிந்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“இண்டைக்கு எவ்வளவு இறக்கினீங்க தங்கச்சி?”

“முக்கால் கட்டை நானா.”

“போன முறை அரைதானே,” என்றார். முதல் வரிசையை ஒரு தரம் பார்த்தார். “சவிரிக்கு வயசு போகுது. அடுத்த முறை ஒரு கட்டைக்கு ஆயத்தமா இருங்க.”